காலையில் கலைந்து நிற்கும் சுருட்டை முடி: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என் முடிக்கு அம்மா வைத்திருந்த பெயர் பரட்டை. அதற்கு அவர் அறிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: கை நிறையத் தேங்காயெண்ணெய், பிறகு கண் இழுபடும் அளவுக்கு இறுக்கிய ஒற்றைப் பின்னல். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்து வீட்டில் பள்ளிக்காலம் முழுக்க அப்படித்தான் தூங்கினேன். வேலைக்குப் போகத் தொடங்கியதும் பின்னலை விட்டுவிட்டு, காணொளிகளில் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தேன். பாதி பலித்தது. மீதிப் பாதி முடியை இன்னும் மோசமாக்கியது.

காரணம் பிடிபடப் பல வருடங்கள் ஆயின. அந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்காலமும் வீட்டுக்குள் வெப்பமூட்டியும் உள்ள ஊர்களில் பிறந்தவை. அங்கே இரவில் முடிக்கு வரும் ஒரே எதிரி வறட்சி. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். விடியலுக்கு முன் 90-ஐத் தாண்டிவிடும். நாம் தூங்குவது அந்த நேரத்தில்தான். ஆனால் ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் அறைக்குள் வேறு ஊர். அதன் குழாயில் சொட்டுகிற தண்ணீர் முழுக்க உங்கள் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரந்தான்.

ஆகவே எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் தூங்குவது ஏர்கானிலா, காற்றாடியிலா? கீழே வருகிற பல தீர்வுகள் இதைப் பொறுத்துத் தலைகீழாகும்.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் முடியில் கை வைக்காதீர்கள். முதலில் கண்ணாடியில் பாருங்கள்; பின்பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். எங்கே கெட்டிருக்கிறது என்பதுதான் ஏன் கெட்டது என்பதைச் சொல்லும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று இரவாவது விட்டுப் பாருங்கள். தலையணை உறை, எண்ணெய், தூங்கும்போது போடும் தொப்பி எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மலை

இங்கே நான் அதிகம் காண்பது இதைத்தான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஈரத்தோடு படுத்தது.

வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் கசங்கி, எட்டு எட்டரைக்கு வீடு வந்து, தலைக்குக் குளித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் படுக்கிறோம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே காய்ந்திருக்காது. முடி நனையும்போது அதன் கெரட்டின் என்ற புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன. காயும்போது அந்த நேரத்தில் என்ன வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிணைகின்றன. இஸ்திரி போடும்போது துணிமேல் தண்ணீர் தெளிக்கிறோமே, அதே கணக்கு. இங்கே இஸ்திரிப் பெட்டி உங்கள் கன்னம், மேசை தலையணை. ஆறு மணி நேரம் அழுத்தித் தேய்த்துவிட்டு, ஏன் தட்டையானது என்று கேட்கிறோம்.

சோதனை எளிது. படுப்பதற்கு முன் ஒரு டிஷ்யூ தாளை மடித்து, பிடரிக்கு மேலே அடிமுடியில் வைத்துப் பத்து நொடி அழுத்துங்கள். தாள் துளி ஈரமானாலும் முடி காயவில்லை. தோளுக்குச் சற்றுக் கீழே வரும் என் முடி, டிசம்பர் மழைக் காலத்தில் காற்றாடிக்கு அடியில் காய நான்கு மணி நேரம் ஆகிறது. அந்த மாதங்களில் இரவுக் குளியலில் தலையை நனைப்பதே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். வியர்வை பொறுக்க முடியாத நாளில் தலைத்தோலை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வேன்.

இரவில்தான் குளித்தாக வேண்டும் என்பவர்களுக்கு: துண்டால் தேய்க்காதீர்கள். பழைய பருத்தி டீசட்டையால் முடியைக் கீழிருந்து மேலாக அள்ளிப் பிழியாமல் அழுத்துங்கள். பிறகு உலர்த்தியின் முனையில் டிஃபியூசர் என்கிற அகன்ற கிண்ணத்தை மாட்டி, மிதமான சூட்டில், பிடரியில் தொடங்கி அடிமுடியை மட்டுமாவது காய வையுங்கள். நுனி தானாகக் காய்ந்துகொள்ளும். ஏர்கானில் டிரை என்று ஒரு பொத்தான் இருக்குமே, நீர்த்துளிப் படம் போட்டது, அதைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அழுத்திவிட்டால் இன்னும் சீக்கிரம் ஆகும்.

டிஷ்யூ தாள் காய்ந்தே வந்தும் ஒரு பக்கம் தட்டையாகிறதா? அப்போது வெறும் எடைதான் காரணம். முடியைத் தலையணைக்கும் தலைக்கும் நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். தலையைக் குனிந்து, முடி முழுவதையும் உச்சிக்குக் கொண்டுவந்து, வழவழப்பான துணி சுற்றிய அகன்ற வளையத்தால் ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்று வேண்டாம். சுருள்கள் உச்சியிலிருந்து நெற்றிப் பக்கம் சரிந்து, அன்னாசிப் பழத்தின் மேலிருக்கும் இலைக்கொத்து போல நிற்கும். பெயரும் அன்னாசிக் கொண்டைதான். நீளம் போதாதவர்கள் உச்சியில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கட்டலாம். இதை ஈர முடியில் மட்டும் கட்டிவிடாதீர்கள். காலையில் வளையம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் நிரந்தர விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும், அடுத்த குளியல் வரை.

தலையைச் சுற்றிப் புகைமூட்டம் போல மெல்லிய முடிகள்

இதில் முதலில் கேட்க வேண்டியது, எங்கே வந்தது என்பதல்ல, எப்போது வந்தது என்பது. எழுந்தவுடன் இருந்ததா, பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்ததா? இரண்டாவது என்றால் உங்கள் இரவு மீது குற்றமில்லை. வறண்ட அறையிலிருந்து விடியற்காலை ஈரக் காற்றுக்குள் நுழைந்த முடி நீரை உறிஞ்சி உப்புகிறது. பட்டுத் தலையணை வாங்கிப் பயனில்லை. காலையில் போடும் ஜெல்லில் கவனம் வையுங்கள்.

எழுந்தவுடனே இருந்தால் உராய்வுதான். பருத்தி நூலின் மேற்பரப்பு கரடு. முடியின் வெளித்தோல் ஓட்டுவீட்டுக் கூரை போல அடுக்கடுக்கான செதில்கள்; இரவெல்லாம் புரளப் புரள அவை எதிர்த்திசையில் தேய்ந்து நிமிர்கின்றன. பருத்தி ஈரத்தையும் உறிஞ்சும். நீங்கள் பூசிய கிரீமையும் சேர்த்துத்தான்.

வழவழப்பான உறைக்கு மாறுங்கள். கடைகளில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. பட்டு என்பது இழை. சாட்டின் என்பது நெசவு. சாட்டின் நெசவில் பாலியெஸ்டரும் வரும், பட்டும் வரும். உராய்வைக் குறைக்கப் பாலியெஸ்டர் சாட்டினே போதும். காற்றாடியில் தூங்குகிறவர்களுக்கு மட்டும் அது புழுக்கமாக இருக்கும். பட்டு என்று சொல்லி அதிக விலை கேட்டால் சந்தேகப்படுங்கள். உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, கழுவுதொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பட்டு, தலைமுடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான உருண்டையாகும். பட்டுத் துணியின் கனத்தை மோமி என்ற அளவில் சொல்வார்கள். தலையணைக்கு 19 முதல் 22 வரை நல்லது.

நான் செலவே செய்யவில்லை. அம்மாவின் பழைய பட்டுச்சேலை ஒன்று மடிப்பில் கிழிந்து பீரோவில் கிடந்தது. சரிகை முடியை அறுக்கும் என்பதால் கரையையும் முந்தானையையும் விட்டுவிட்டு, உடல் பகுதியில் இரண்டு உறைகளும் ஒரு தொப்பியும் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் தைக்கக் கொடுத்தேன். முதல் நாள் அம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, புரோட்டா மாஸ்டர் மாதிரி தொப்பி?" என்றார். பிறகு சேலையை அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பேச்சு தனிக்கதை.

தூடோங் (மலாய் முஸ்லிம் பெண்களின் தலைத்துணி) அணியும் தோழி ஒருத்திக்கு நெற்றியோரம் மட்டும் இதே தொல்லை. உறையை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் பார்த்தால், பகலில் உள்ளே போடும் பருத்தித் தொப்பிதான் அங்கே தேய்த்துக்கொண்டிருந்தது. இரவின்மேல் பழி போடும் முன் பகலையும் ஒருமுறை விசாரியுங்கள்.

நுனி வைக்கோல் போலச் சரசரக்கிறது

காற்றாடி அறைக்காரர்களுக்கு இது ஒரே இரவில் வருவது அபூர்வம். வந்தால் சாயம், சூட்டுக்கம்பி, நீச்சல் குளம் என்று பகல் காரணங்களைத் தேடுங்கள். ஏர்கான் அறைக்காரர்களுக்கு இது அன்றாடம்.

இரவில் பூசும் கிரீமின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிளிசரின் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இருக்கிறதா? கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும் பொருள். ஈரக் காற்றில் அளவுக்கு மீறி இழுத்து முடியை உப்ப வைக்கும். வறண்ட காற்றில் வெளியிலிருந்து இழுக்க ஒன்றும் இல்லாததால், முடிக்குள் இருக்கும் ஈரம் வெளியேற அதுவே வழியாகிவிடும். ஒரே புட்டி, காற்றாடி அறையில் பரட்டையாக்கும், ஏர்கான் அறையில் வைக்கோலாக்கும். நாமோ அக்கா தங்கை இருவரும் ஒரே புட்டியை வாங்கி ஆளுக்கொரு குறை சொல்வோம். தேனும் இதே இனந்தான்.

ஏர்கானில் தூங்குகிறவர்கள் கடைசி ஐந்து சென்டிமீட்டரில் மட்டும், கையைக் கொஞ்சம் ஈரமாக்கித் தடவி, அதன்மேல் இரண்டு மூன்று சொட்டு எண்ணெயைப் பூசி மூடுங்கள். எண்ணெய் ஈரம் தராது. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் தடுக்கும். காய்ந்த முடியில் எண்ணெயை மட்டும் பூசினால் பளபளக்கும், சரசரப்பு போகாது. வெப்பநிலையையும் 25-க்குக் கொண்டுவாருங்கள். 18-இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு தூங்குவதில் முடிக்கும் லாபமில்லை, மின்கட்டணத்துக்கும் இல்லை.

பிசுபிசுவென்று, சுருள் நீண்டு தொங்குகிறது

எண்ணெய் அதிகம். அவ்வளவுதான்.

ஆனால் அம்மாக்களிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடித்தண்டுக்குள்ளேயே போகக்கூடியது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். (அதைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்த நன்மை தலைக்குக் குளிப்பதற்கு முன் பூசும்போது கிடைப்பது. காலையில் அலசப் போகிறீர்கள் என்றால் இரவில் தாராளமாகப் பூசுங்கள், பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். அலசாமல் அப்படியே அலுவலகம் போவதாக இருந்தால் நுனிக்கு இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். காற்றாடி அறையில் அதுகூடத் தேவையில்லை.

தலைத்தோலில் அரிப்பும் மஞ்சள் நிறப் பொடுகும் சேர்ந்துகொண்டால் அங்கே எண்ணெயை உடனே நிறுத்துங்கள். எல்லோர் தலையிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் சாப்பாடு, ஈரத் தலைதான் பந்தி. மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பூவைப் புட்டியில் சொன்னபடி பயன்படுத்துங்கள். காலையில் தலையில் ஈரத்துணி வாடை அடித்தாலும் குற்றவாளி அதே ஈரம். முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

பிடரியில் சிக்கு

அங்குள்ள முடிதான் உடலுக்கும் படுக்கைக்கும் நடுவில் அதிகம் அரைபடுகிறது. உச்சிக் கொண்டையிலிருந்தும் அதுவே முதலில் நழுவுகிறது. பிடரி முடியை மட்டும் தனியாக எடுத்து, தளர்வாக இரண்டு சின்னப் பின்னல். மீதியை மேலே கட்டுங்கள். சுருளின் வடிவம் அங்கே கொஞ்சம் மாறும், யார் கண்ணிலும் படாது. விழுந்த சிக்கைக் காய்ந்த நிலையில் சீப்பால் இழுக்காதீர்கள். கண்டிஷனர் தடவி, விரலால், நுனியிலிருந்து மேல்நோக்கி.

தொப்பி காலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது

இந்தத் தொப்பியும் துணிக்கட்டும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த பழக்கம். 1786-இல், இன்றைய அமெரிக்காவின் லூசியானாவில், அப்போதைய ஸ்பானிய ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மறைத்துக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களோ அந்தத் துணியையே வண்ணமும் கட்டும் கூட்டி அலங்காரமாக்கிக் காட்டினார்கள். நெருங்கிச் சுருண்ட முடி தொப்பியைப் பிடித்துக்கொள்ளும். நம்மில் பலருடைய முடி தளர்ந்த சுருள், நழுவும். அதற்காக இறுக்கமான தொப்பி வாங்குவது தவறு. நெற்றியில் கோடு விழும், ஓர முடி அறும். தளர்ந்த தொப்பியை வாங்கி, ரப்பர் இருக்கும் இடத்தில் நாடா கோத்து, காதுக்குப் பின்னால் முடிச்சிடுங்கள். உள்ளே தையல் துருத்தினால் தொப்பியைத் திருப்பிப் போடுங்கள்.

காற்றாடி அறையில் தொப்பிக்குள் வியர்க்கிறதா? கழற்றிவிடுங்கள். வியர்வையும் ஈரந்தான், முதல் அறிகுறியில் சொன்ன இஸ்திரி வேலையை அதுவும் செய்யும். உங்களுக்கு உறை மட்டும் போதும்.

நெற்றியோரம், வகிட்டோரம் முடி குறைகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உதிர்ந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் முடி ஒடிகிறது. உராய்வையோ ரப்பர் வளையத்தையோ தேடுங்கள். ஒரே இடத்தில், ஓரத்தில் மட்டும் அடர்த்தி குறைந்துகொண்டே வந்தால் நாள்தோறும் இழுத்துக் கட்டுவதால் வருவதாக இருக்கலாம். தொடக்கத்தில் விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர் தழும்பாகி முளைக்காமலே போகலாம். அம்மாவின் ஒற்றைப் பின்னலை நான் விட்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

உச்சிக் கொண்டை போட்டபின் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். தோல் இழுபட்டால் இறுக்கம் அதிகம். தளர்த்தி இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை என்றாலும், வட்ட வட்டமாகக் கொட்டினாலும், பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

நெற்றியில், கன்னத்தோரம் பரு

முடியில் பூசியது உறைக்குப் போய், உறையிலிருந்து முகத்துக்கு வருகிறது. வாரம் இரண்டு முறை உறை மாற்றுங்கள். பட்டு என்றால் குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, நிழலில் உலர்த்தல். மூங்கில் கழியில் மாட்டி வெயிலில் நீட்டிவிட்டால் சீக்கிரம் இற்றுவிடும்.

குழந்தை புரண்டு புரண்டு படுக்கிறது

தொப்பி நிற்காது, சண்டையும் வேண்டாம். வழவழப்பான உறை போதாது, விரிப்பின் மேல்பாதியிலும் அதே துணியை விரியுங்கள். பிள்ளைகள் தலையணையில் படுப்பதே பாதி நேரம்தான். மறுநாள் பள்ளிக்கு எப்படியும் பின்ன வேண்டுமே என்று இரவே இரட்டைப் பின்னல் போடலாம், ஆனால் தளர்வாக, காய்ந்த முடியில். காலையில் ஆறரை மணிப் பள்ளிப் பேருந்துக்கு முன் நெற்றியோரத்தை மட்டும் ஈரக்கையால் படிய வைத்தால் போதும். மகன்களுக்குச் சுருட்டை முடி குட்டையாக இருந்தால் உறையை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

எல்லாம் செய்தும் இன்று காலை கெட்டுவிட்டது, எட்டு மணிக்கு ரயில்

முழுத் தலையையும் நனைக்காதீர்கள். காயாது, மறுபடி உப்பும். தெளிப்பான் புட்டியில் தண்ணீரும் நாலைந்து துளி கண்டிஷனரும் கலந்து, கெட்டுப்போன சுருள்களில் மட்டும் தெளித்து, ஒவ்வொன்றாக விரலில் சுற்றி விடுங்கள். பட்டாணி அளவு ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்து மேலாக ஒற்றுங்கள். பிறகு காயும்வரை கை போகக் கூடாது. எனக்கு இதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது; நேரமில்லாத நாளில் பிடரியில் ஒரு கிளிப், தேக்காவில் வாங்கிய மல்லிகை ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து ஒரு முழம்.